குலுக்கினால் வாபஸ்

கை நடுங்குகிறவர்களுக்கு உதவுவதற்கென்றே மாநில அரசு ஒரு வாரியத்தை வைத்திருக்கிறது. வாரியத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு துணைத் தலைவர், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சின்னம்: நீல வட்டத்துக்குள் ஆடாமல் அசையாமல் நிற்கும் ஒரு கை. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் தலைநகர் மருத்துவமனையில் தலைக்கவசம் மாதிரி ஒன்றை மாட்டி, மூளைக்குள் ஒலி அலைகளை அனுப்பி, நடுக்கத்தை நிறுத்திவிடுவார்கள். வலி கிடையாது, மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாம். விண்ணப்பிக்க வாரிய அலுவலகத்துக்கு அலையவும் வேண்டாம். கையில் ஒரு போன் இருந்தால் போதும்.

வாண்டர்ஃபோர்ட் என்ற சிற்றூரில் வெண்டல் ஹூக்ஸ்ட்ராவிடம் போன் இருந்தது. கைதான் சரியில்லை.

ஊரின் ஒரே பெரிய மளிகைக் கடையில் இறைச்சிப் பிரிவில் நின்று பன்றித் தொடையும் வான்கோழியும் சீவிக் கொடுத்தவர் அவர். காகிதத்தைவிடச் சற்றே தடிமனாக வேண்டும் என்று கேட்டால் அப்படியே வரும். இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால் வலது கை ஆட ஆரம்பித்தது. பிறகு இடது கையும் அதற்குத் துணைக்கு வந்தது. மேலாளர் ரான் அவரை மரியாதையாகக் காலி பாட்டில் வாங்கும் அறைக்கு மாற்றினார். அங்கே பழைய பியர் நாற்றத்துக்கு நடுவே, முன்பணத்தைத் திரும்ப வாங்க ஜனங்கள் கொண்டுவரும் பாட்டில்களை இயந்திரத்தின் வாய்க்குள் உருட்டிவிடுவது வேலை. பாட்டில் ஆடினால் இயந்திரம் கோபித்துக்கொள்ளாது.

வெண்டலுக்கு நடுக்கத்தைவிட வெட்கம்தான் பெரிய வியாதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காபி குடிப்பார்கள். ஒருமுறை கோப்பையோடு அவர் நான்கு எட்டு நடப்பதற்குள் பாதி காபி போதகரின் காலணியில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து “டாக்டர் காபி கூடாதுன்னுட்டார்” என்று சொல்லிவருகிறார். தேவாலயத்துக்குள் நின்று பொய் சொல்கிறோமே என்று ஒவ்வொரு ஞாயிறும் கூசும். ஆனாலும் சொல்வார். சீட்டாட்டத்தையும் நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குப் போனால், முள்கரண்டி வேண்டாம் என்று ரொட்டிக்குள் மீனைத் திணித்துத் தின்றுவிட்டு, “இப்படித்தான் எனக்குப் பிடிக்கும்” என்பார். ஊருக்கெல்லாம் விஷயம் தெரியும். தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார், ஊரும் நல்ல மனதோடு அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிவந்தது.

“வாரியத்துக்கு எழுதிப் போடேன்,” என்றாள் மனைவி லோர்னா. “கவசம் மாட்டினா சரியாகிடுமாம்.”

“நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்.”

“போன்லதானே பண்ணப்போற. போன் யார்கிட்டயாவது போய்ச் சொல்லவா போகுது?”

லோர்னாவுக்கு அந்த போனைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

வாரியத்தின் இணையதளம் திறந்தவுடன், உங்கள் போனின் அசைவையும் சாய்வையும் நாங்கள் அறிந்துகொள்ளலாமா என்று கேட்டது. அன்னியர் நம் கையசைவைப் பார்ப்பதா என்று தயங்கி, கூடாது என்ற பொத்தானை வெண்டல் அழுத்தினார். நீங்கள் மனிதர்தான் என்பதை எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை என்று பதில் வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு சந்தேகம் அவர்மீது எழுந்தது அதுவே முதல் தடவை. மனிதர்தான் என்று காட்டிக்கொள்வதற்காகச் சம்மதம் கொடுத்தார்.

அடுத்து உறுதிமொழி. நான் சொல்வதெல்லாம் உண்மை என்ற வாக்கியத்துக்குக் கீழே ஒரு கோடு. போனை நெஞ்சுக்கு நேராக, அந்தக் கோடு கிடைமட்டமாக வரும்வரை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். போன் சாய்ந்தால் கோடு சிவப்பாகும், தங்கள் உறுதிமொழியில் உறுதி போதவில்லை என்று வரும். வெண்டல் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கையை விலாவில் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக உண்மை பேசிவிட்டார். பெயர், விலாசம் எல்லாம் தட்டி முடித்தார். உங்கள் துன்பத்தைச் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள் என்று ஒரு கட்டம் வந்தது. யாரிடமும் சொல்லாததையெல்லாம் அதில் எழுதினார், காபிப் பொய்யைக்கூட. எழுதும்போது கை கூடுதலாக ஆடியது.

திரை ஒரு கணம் வெள்ளையானது. பிறகு நீல வட்டத்துக்குள் அந்த அசையாத கை தோன்றியது.

“தங்கள் விருப்பப்படி விண்ணப்பம் வாபஸ் பெறப்பட்டது. நன்றி!”

வெண்டல் மறுபடி எழுதினார். மறுபடியும் நன்றி வந்தது. எந்த விருப்பத்தை எப்போது தெரிவித்தோம் என்று அவருக்குப் புரியவே இல்லை. தான்தான் எங்கேயோ தப்பாகத் தொட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. எந்தக் கோளாறானாலும் அது தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று எண்ணிப் பழகிவிட்ட மனிதர் அவர். போனைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுத் தட்டிப் பார்த்தார். விண்ணப்பதாரர் போனைக் கைவிட்டுவிட்டார் என்று அறிவித்துத் தளம் தன்னை மூடிக்கொண்டது.

கடைசியில் உதவி எண்ணுக்குப் பேசினார். எடுத்த பெண்ணின் குரலில் வெண்ணெய் வழிந்தது.

“ஐயா, நீங்க போனைக் குலுக்கியிருக்கீங்க. குலுக்கினா வாபஸ். எங்க தளத்தோட சிறப்பு அம்சமே அதுதாங்க.”

“நான் குலுக்கலைம்மா. அதுவா ஆடுது.”

“போன் தானா ஆடாதுங்க, ஐயா.”

“போன் இல்ல. கை.”

“கை யாரோடதுங்க?”

“என்னோடதுதான்.”

“அப்ப நீங்கதானே குலுக்கியிருக்கீங்க,” என்று அவள் பொறுமையாக விளக்கினாள். “மனசு மாறின குடிமக்கள் பொத்தானைத் தேடிக் கஷ்டப்படக் கூடாதுன்னு தலைவர் க்ரல் கொண்டுவந்த ஏற்பாடு இது. வேண்டாம்னா அமைப்புகள்ல போய் அணைச்சுக்கலாம்.”

“எப்படிம்மா அணைக்கிறது?”

“ரொம்ப சுலபங்க. அங்க ஒரு சாம்பல் நிறப் பொத்தான் இருக்கும். அதுமேல விரலை வச்சு, அஞ்சு விநாடிக்குத் துளிகூட அசைக்காம அப்படியே வச்சிருங்க.”

வெண்டல் நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தார். ஒருவரிடமும் கடுமையாகப் பேசிப் பழக்கமில்லை. அந்தச் சாம்பல் நிறப் பொத்தானோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினார். வேலை செய்யும் அறையிலும் கழிப்பறையிலும் காருக்குள்ளும் முயன்றார். கூட வேலை பார்க்கும் டூயி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டான்.

“என்னய்யா, இந்த வயசுல போன்ல விளையாட்டா? எத்தனாவது கட்டத்துல இருக்க?”

“முதல் கட்டத்தையே தாண்ட முடியலப்பா,” என்றார் வெண்டல். அது உண்மை என்பதால் இன்னும் வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை லோர்னா பொறுமை இழந்தாள். “கொண்டா இங்க. நான் பிடிச்சுக்கறேன், நீ சொல்லு.”

இருபது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிய கை அவளுடையது. பின்னால் அறுபது பிள்ளைகள் கூரையைப் பிய்த்தபோதும் அசராத கை. உறுதிமொழிக் கோடு முதல் தடவையிலேயே பச்சையானது. கட்டங்கள் நிரம்பின, நன்றி வரவில்லை. கடைசிப் படியில், போனைக் கையில் ஏந்தி ஒரு நிமிடம் காத்திருங்கள், உங்கள் நடுக்கத்தை அளக்கிறோம் என்று எழுதியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இப்ப நீ பிடிக்கணும்,” என்றாள் லோர்னா.

கைமாற்றும்போதே குலுங்கி எல்லாம் வாபஸ் ஆகிவிடுமோ என்று வெண்டல் பயந்தார். “வேணாம், நீயே பிடிச்சுக்கோ. கொஞ்சம் ஆட்டேன்.”

“எவ்வளவு ஆட்டணும்?”

“என் அளவுக்கு.”

“உன் அளவுக்கு ஆட்டினா வாபஸ் ஆகிடுமே!”

அவர்கள் இதைப் பேசி முடிப்பதற்குள் அந்த ஒரு நிமிடம் போய்விட்டது. திரையில் கொண்டாட்டமாக வண்ணக் காகிதத் துணுக்குகள் பறந்தன. பழைய முயற்சிகளில் பதிவான பயங்கர நடுக்கத்தையும் இப்போதைய நிச்சலனத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த தளம், தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. “வாழ்த்துகள்! எங்கள் தளத்தைப் பயன்படுத்தியதால் நீங்கள் குணமடைந்துவிட்டீர்கள். சிகிச்சை தேவையில்லை.”

திங்கட்கிழமை வாரியத் தலைவர் தாடியஸ் க்ரல் தாமே போனில் கூப்பிட்டுப் பேசினார். வாரியத்தின் வரலாற்றிலேயே குணமடைந்த முதல் குடிமகன் வெண்டல்தானாம். குடிமக்கள் தின விழாவை வாண்டர்ஃபோர்டிலேயே, உயர்நிலைப் பள்ளி விளையாட்டரங்கில் வைத்துக்கொள்வதாக முடிவாகிவிட்டதாம். ஒரு கேடயமும் உண்டாம். செய்தி வெண்டலுக்கு முன்பே கடைக்குப் போயிருந்தது. ரான் அவரைக் கட்டிப்பிடித்து, “அடுத்த வாரத்துலேர்ந்து இறைச்சி சீவற மெஷினுக்கு வந்துடு வெண்டல், உன் இடம் உனக்குத்தான்,” என்றார்.

இல்லை ரான், என் மனைவிதான் போனைப் பிடித்தாள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெண்டல் சொல்லவில்லை. வாய் தானாகவே “சரி” என்றது. பாட்டில் அறையிலிருந்து வெளியே வந்து, வெள்ளை ஏப்ரன் கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கலாம் என்ற ஆசை அவரை அப்படிப் பேசவைத்தது.

“பைத்தியமா உனக்கு?” என்று லோர்னா கத்தினாள். “விரலையும் பன்றித் தொடையோட சேர்த்துச் சீவி, எடை போட்டுக் குடுக்கப்போறியா?”

“பார்த்துப் பண்ணிக்கறேன்.”

“குணமாயிட்டேன்னு கேடயம் வாங்கிட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் சிகிச்சை கிடையாது, தெரியுமில்ல?”

தெரியும். தெரிந்தேதான் போனார். இல்லை என்று சொன்னால் இரண்டு விஷயம் வெளிவரும், ஒன்று பொய், இன்னொன்று கை. இரண்டையும் ஊர் முன்னால் போட்டு உடைப்பதைவிட விரல் போனால் போகட்டும் என்று தோன்றுகிற அளவுக்கு மனிதர்களை வெட்கம் கொண்டுபோய் விட்டுவிடும்.

விளையாட்டரங்கம் நிரம்பிவிட்டது. போதகர் வந்திருந்தார், டூயி வந்திருந்தான், சீட்டாட்டக்காரர்கள் மொத்தமாக வந்திருந்தார்கள். மற்ற ஊர்களிலிருந்தும் நிறையப் பேர் வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மேடைமேல் பெரிய திரை. ஓரத்தில் மடிக்கணினியோடு நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தளத்தை எழுதிய மார்சி டோம்ப்ரோவ்ஸ்கி அவள்தான். தான் எழுதியதைப் பயன்படுத்தும் ஒரு மனிதரை அவள் நேரில் பார்க்கப்போவது அன்றைக்குத்தான்.

க்ரல் மைக்கைத் தட்டினார். நல்ல தோள், நல்ல பல்.

“நண்பர்களே, நான் பதவிக்கு வந்தப்போ இந்த வாரியத்துக்கு வருஷத்துக்கு நாலாயிரம் விண்ணப்பம் வந்துச்சு. நாலாயிரம் பேர் துன்பம்! எனக்குத் தூக்கமே வரலை. என்ன செஞ்சாவது இதைக் குறைக்கணும்னு முடிவு பண்ணேன். இன்னைக்கு எத்தனை தெரியுமா? பூஜ்யம்! நாலாயிரம் பேரும் தாங்களா முன்வந்து, தங்கள் சொந்தக் கையாலேயே வாபஸ் வாங்கிட்டாங்க. சில பேர் முப்பது தடவை, நாற்பது தடவை வாபஸ் வாங்கியிருக்காங்க. அவ்வளவு உறுதி! எதிர்க்கட்சிக்காரங்க கேக்கறாங்க, ஒழுங்கா சோதிச்சீங்களான்னு. சோதிச்சோம். எங்க ஊழியர்கள் பதினோரு பேரும் மாசக்கணக்கா சோதிச்சாங்க. ஒருத்தருக்குக்கூட ஒரு பிரச்சினை வரலை. ஏன்னா நாங்க ஊழியர்களை எடுக்கும்போதே கை ஆடாத ஆளாப் பார்த்துத்தான் எடுக்கறோம்!”

வாரிய ஊழியர்கள் கை தட்டினார்கள். பின்வரிசைகளில் ஒருவரும் தட்டவில்லை. தட்டுவதற்குக் கையை வெளியே எடுத்தாக வேண்டும்.

“இப்ப வெண்டல் உங்க முன்னாடி போனைப் பிடிச்சுக் காட்டுவார். குணமான கை எப்படி இருக்கும்னு எல்லாரும் பாருங்க. வாங்க வெண்டல்!”

இப்படி ஒன்று இருப்பதாக யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கேடயத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார். க்ரல் போனை நீட்டினார். அதன் திரை அப்படியே மேடையின் பெரிய திரையில் தெரிந்தது. வெண்டலுக்குக் காது அடைத்தது, கால் மரத்தது, கை மட்டும் முழு உயிரோடு இருந்தது. வாங்கினார்.

இரண்டு ஆள் உயரத்துக்கு, ஊர் முழுக்கப் படிக்கும்படி எழுத்துகள் வந்தன. “தங்கள் விருப்பப்படி வாபஸ் பெறப்பட்டது. நன்றி!”

“பாருங்க, பாருங்க!” என்றார் க்ரல். “குணமான பிறகும் வாபஸ் வாங்கறார்! இதுதான் சுயமரியாதை!”

வெண்டல் சபையைப் பார்த்தார். போதகர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டூயி கூரையைப் பார்த்தான். ரான் எதையும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் எப்போதோ தெரியும் என்பது அந்த நிமிடத்தில்தான் அவருக்கு விளங்கியது. இத்தனை நாள் மறைத்ததெல்லாம் தன்னிடமிருந்து தானே மறைத்தது. மைக்கின் அருகில் போனார்.

“நான் வாபஸ் வாங்கலை,” என்றார். குரலும் நடுங்கியது. “இது என் விருப்பம் இல்ல. என் கை ஆடுது, அவ்வளவுதான். குணமும் ஆகலை. அன்னைக்கு போனைப் பிடிச்சது லோர்னா. தெரிஞ்சும் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், மெஷின் வேலைக்கு ஆசைப்பட்டு. மன்னிச்சிடு, ரான். எனக்குச் சிகிச்சை வேணும். கேக்கறதுக்கு வெட்கமாத்தான் இருக்கு. ஆனாலும் வேணும்.”

“உணர்ச்சிவசப்பட்டுட்டார்,” என்று க்ரல் சிரித்தார். “வெண்டல், வாய்மொழியா எதையும் வாரியம் ஏத்துக்க முடியாது. தளத்துலதான் விண்ணப்பிக்கணும். போன் உங்க கையிலதானே இருக்கு.”

வெண்டல் தட்டினார். “தங்கள் விருப்பப்படி வாபஸ் பெறப்பட்டது. நன்றி!” மறுபடி முயன்றார். நன்றி. மறுபடியும் நன்றி. யாரோ ஒரு பெண் விசும்புவது கேட்டது.

மேடை ஓரத்தில் மார்சி எழுந்து நின்றாள். முகம் கன்றிப்போயிருந்தது.

“அந்தக் குலுக்கற வசதி நான் எழுதினது,” என்றாள். மைக் இல்லாமலே கேட்டது. “ஆறு வரி. போனை ஸ்டாண்டுல மாட்டி வச்சுத்தான் எல்லாத்தையும் சோதிச்சேன். குலுக்கறதை மட்டும் என் கையால குலுக்கிப் பார்த்தேன். நல்லா வேலை செய்யுதுன்னு சந்தோஷப்பட்டேன். நடுக்கம் உள்ளவங்களுக்கான தளம்னு தெரியும், ஆனா நடுங்கற ஒருத்தரைக்கூடக் கூப்பிட்டுக் கையில குடுத்துப் பார்க்கணும்னு தோணலை. எனக்கு அவமானமா இருக்கு.”

“மார்சி, இதைப் பத்தி ஒரு குழு போட்டுப் பேசலாம்,” என்றார் க்ரல்.

அவள் உட்கார்ந்து மடிக்கணினியில் ஏதோ தட்டினாள். ஆறு வரியை அழிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவள் கையும் அப்போது கொஞ்சம் ஆடியதால் சற்றே கூடுதலாக ஆனது. “இப்ப பண்ணுங்க, மிஸ்டர் ஹூக்ஸ்ட்ரா. கோடு, உறுதிமொழியையும் சேர்த்து எடுத்துட்டேன். ஆடினா ஆடட்டும்.”

வெண்டல் ஆரம்பித்தார். விரல் எழுத்துகளுக்கு இடையில் வழுக்கியது, பெயரில் ஒரு எழுத்து இரண்டு முறை விழுந்தது, விலாசத்தை அழித்து அழித்து அடித்தார். அத்தனையும் பெரிய திரையில் ஊரே பார்க்க நடந்தது. லோர்னா எழுந்து ஓடிவரப் பார்த்தாள், பிறகு நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிட அளவெடுப்பில் திரையில் ஓடிய கோடு மலையும் பள்ளமுமாக எகிறியது. அதைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. கடைசிப் பொத்தானை மூன்று முறை தவறவிட்டு, நான்காவது முறை தொட்டுவிட்டார்.

“தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது.”

இந்த முறை நன்றி இல்லை. பின்வரிசையில் ஒரு வயதானவர் தொடைக்கு அடியிலிருந்து கையை உருவி, சட்டைப்பையில் போனைத் துழாவினார். அவர் பக்கத்தில் இருந்தவளும் எடுத்தாள். அரங்கமெங்கும் போன்கள் வெளியே வந்தன, எல்லாம் அவரவர் பாணியில் ஆடின. மார்சியின் மடிக்கணினியில் மணி அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை.

க்ரல் அவள் பக்கம் குனிந்தார். மைக் கையில் இருப்பதை மறந்துவிட்டிருந்தார்.

“மார்சி, விண்ணப்பம் வந்துட்டா அடுத்து என்ன பண்ணணும்?”

“அவங்களைக் கூப்பிட்டுச் சிகிச்சை குடுக்கணும், சார்.”

“யாரு?”

“நாமதான், சார்.”

“நாமளா?” என்று க்ரல் கேட்டது, கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது.